தூங்கும் ப்ளக்

செப்டம்பர் 22, திங்கள்

ஆப்பிள் வாரம் ஆரம்பம். தோட்டத்துக்காரர் வாசலில் இரண்டு கூடை இறக்கிவிட்டுப் போனார். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆப்பிள் புதிதா என்ன? பாதிப் பேர் வீட்டுப் பின்னாலேயே மரம் நிற்கிறது. ஆனாலும் வகுப்பில் கையில் கொடுத்தால் முதல்முறை பார்ப்பதுபோல் உருட்டி உருட்டிப் பார்க்கிறார்கள்.

மேபல் வழக்கம்போல அழுதுகொண்டே வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். போன வருடம் முழுக்க அவளைப் பிரித்தெடுக்க என் ஒருத்தியால்தான் முடிந்தது. கையை நீட்டினேன். என்னைத் தாண்டி ஓடி அனிகாவின் இடுப்பில் ஏறிக்கொண்டாள்! ஆகஸ்டில் வந்த புது ஆசிரியை அனிகா. வந்து ஒரு மாதம். அவள் இடுப்பில்.

நீட்டிய கையை என்ன செய்வது? மேசையைத் துடைத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பாதி ஆப்பிளைச் சாயத்தில் முக்கித் தாளில் அச்சு குத்தினோம். மேபல் மூன்று தாள் செய்தாள்.

"யாருக்கு கண்ணு?"

"மிஸ் அனிகாவுக்கு."

"மூணுமா?"

"ம்."

ஒன்றை எனக்குக் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

வெள்ளிக்கிழமை ஆப்பிளைக் குறுக்கே வெட்டி உள்ளே இருக்கிற நட்சத்திரத்தைக் காட்டுவது எப்போதும் நான்தான். உதவி ஆசிரியையான எனக்கென்று இந்த அறையில் இருப்பது அது ஒன்றுதான். அனிகா இன்னும் நெடுக்காகவே வெட்டிக்கொண்டிருக்கிறாள். அதையும் பிடுங்கிக்கொள்வாளோ?

செப்டம்பர் 24, புதன்

மேபல் என் பாவாடையை இழுத்து, "மிஸ் அனிகா" என்றாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஓ, நீயா" என்றாள். வயிறு எரிகிறது. நாலு வயதுப் பிள்ளையால். வெட்கமாக இல்லையா வெர்னா?

இல்லை.

செப்டம்பர் 25, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

இன்று ஆப்பிள் மசியல். பிள்ளைகள் பிளாஸ்டிக் கத்தியால் நறுக்கினார்கள், பட்டைத்தூளைத் தூவித் தும்மினார்கள். சாப்பாடு முடிந்ததும் அனிகா எல்லாவற்றையும் மின்சாரக் குக்கரில் போட்டாள். "நீங்க தூங்குங்க, ஆப்பிள் வேகட்டும். எந்திரிச்சதும் சாப்பிடலாம்!" என்றாள். ஒரே கைதட்டல்.

குக்கரை ஜன்னலோரப் ப்ளக்கில் சொருகினாள். எனக்குத் தெரியும் — பழைய கட்டிடம், அந்தப் ப்ளக் அறை விளக்கின் ஸ்விட்சோடு சேர்ந்தது. விளக்கை அணைத்தால் அதுவும் போச்சு. ஒவ்வொரு வருடமும் கதவோரப் ப்ளக்கில்தான் சொருகுவோம். சொல்ல ஒரு நொடி ஆகாது. என் வாயில் என்ன கொழுக்கட்டையா?

தூங்கும் நேரம். அனிகா சாப்பிடப் போனாள். விளக்கை அணைத்தது நான். குக்கரின் சிவப்புப் பொட்டும் அணைந்தது. மேபலின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் மாற்றலாம். எழவில்லை.

அனிகா திரும்பி வந்து விளக்கைப் போட்டதும் பிள்ளைகள் கிண்ணத்தோடு ஓடினார்கள். மூடியைத் திறந்தால் வேகாத ஆப்பிள், கறுத்துப் போய். அனிகாவின் முகம் செத்துவிட்டது. "என் தப்புதான், மன்னிச்சுக்கோங்க" என்றாள். இரண்டு பேர் அழுதார்கள். எனக்கு இனித்ததா? கொஞ்சம். ஒரு நிமிஷம்.

அப்புறம் மேபல் தன் போர்வையை எடுத்துப் போய் அனிகாவின் தோளில் போர்த்தினாள். "அழாத. அந்த ப்ளக் நாம தூங்கினா தானும் தூங்கிடும். மிஸ் வெர்னா போன வருஷமே சொன்னாங்களே."

நான் சொன்னதுதான். சிரிக்க வைக்கச் சொன்னது.

அனிகா என்னைப் பார்த்தாள். "அப்படியா மேபல்" என்றாள். போர்வையை மடித்து அவளிடம் கொடுத்தாள். அவள் என்னைக் கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் நான் போவதற்குள் அனிகா குக்கரைக் கதவோரம் சொருகியிருந்தாள். பட்டை மணம். பிள்ளைகள் வருமுன் சொல்லிவிட்டேன். "பொட்டு அணைஞ்சத பாத்தேன் அனிகா. பேசாம உக்காந்திருந்தேன்."

"தெரியும். எதுக்குன்னுதான் புரியல."

"மேபல் என்கிட்ட வரதே இல்ல."

அவள் கோபமாகத்தான் சிரித்தாள். "உங்களுக்கு எரியுதா? என் மடியில ஏறி உக்காந்துக்கிட்டு பூரா உங்க பேச்சுதான். 'மிஸ் வெர்னா இப்படிப் பாட மாட்டாங்க, மிஸ் வெர்னா பாலை இப்படி ஊத்த மாட்டாங்க.' நேத்து சாயங்காலம் ஆப்பிளைக் குறுக்க வெட்டப் போனேன், கையைப் பிடிச்சுக்கிட்டா. 'அது உன்னோடது இல்ல'ன்னு!"

மன்னிப்புக் கேட்டேன். "பிள்ளைங்க அழுதாங்க வெர்னா," என்றாள். "அத நான் லேசுல மறக்க மாட்டேன்." சரிதான்.

ஆனால் வட்டமாக உட்கார்ந்ததும் கத்தியை என்னிடம் நீட்டினாள். வெட்டினேன். நட்சத்திரத்தைப் பார்த்து மேபல்தான் முதலில் கத்தினாள். அனிகாவின் மடியிலிருந்து.

செப்டம்பர் 29, திங்கள்

ஜன்னலோரப் ப்ளக்கின்மேல் பச்சை நாடா ஒட்டினேன். அனிகா பார்த்தாள். "இன்னும் எதெல்லாம் தூங்கும்?" என்றாள். திடீர் திடீரென்று தண்ணீர் நின்றுபோகிற பாத்திரம் கழுவும் குழாயையும் காட்டிக்கொடுத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

ஆப்பிள் முடிந்து பூசணிக்காய் வந்தாயிற்று. ஐரிஸ் என்று ஒரு புதுப் பிள்ளை, நடந்தால் மின்னுகிற செருப்போடு.

மேபல் அழாமல் வந்தாள். அனிகா கையை நீட்டினாள், நானும் நீட்டினேன். எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து ஓடி ஐரிஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "உன் செருப்பத் தொட்டுப் பாக்கட்டா?"

"பாத்தீங்களா வெர்னா," என்றாள் அனிகா என் காதோரம், "நம்மள திரும்பிக்கூடப் பாக்கல."

"செருப்புல என்ன இருக்கு பெரிசா," என்றேன்.

"அதானே!"

இருவருமாக மேசையைத் துடைத்தோம்.