ஆறு மாதச் சட்டம்

கொட்டாஞ்சேனை,
17.8.1938

மகனுக்கு,

நான் கொழும்பு வந்து சேர்ந்து மூன்று கிழமையாகிறது. ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள், அதுதான் சட்டம் என்று சொல்லித்தானே சிங்கப்பூரில் என்னைக் கப்பலேற்றினாய்; அதனால் வந்த மூன்றாம் நாளே பென்ஷன் கந்தோருக்குப் போனேன். ஆறு மாதம் முடியுமுன்பே திரும்பிவிட்டேன், பென்ஷனை நிறுத்திவிடாதீர்கள் என்று கிளாக்கரிடம் கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரீச்சர், நீங்க எந்த நாட்டில இருந்தாலும் பென்ஷன் வரும். உயிரோட இருக்கிறீங்க எண்டு அங்க ஒரு நீதவானிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பினாக் காணும். ஆறு மாசம் எண்டு ஆர் சொன்னது?"

கப்பலில் வந்த ஒருவர் சொன்னார் என்றேன். முப்பது வருடம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அடித்துப் படிப்பித்தவள், உனக்காக அந்தக் கதிரையில் இருந்து பொய் சொன்னேன்.

நீ தெரியாமல் சொல்லியிருப்பாய் என்று நினைக்கப் பார்த்தேன். நேற்று உன் மூத்தவளின் கடிதம் வந்தது. நான் படுத்த அறையில் இப்போது மருமகளின் தாய் இருக்கிறாவாம். அவவுக்குப் புதுக் கட்டிலும் வாங்கினீர்களாம். பிள்ளையை ஏசாதே, அதற்கு ஒன்றும் தெரியாது.

"அம்மா, போங்கோ" என்று சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன். அதற்குச் சட்டம் தேவைப்பட்டிராது.

ஏன் இவ்வளவு கெதியில் வந்துவிட்டேன் என்று கோயிலில் எல்லோரும் கேட்கிறார்கள். சட்டம் விடவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டு எழுதினால் நீயும் அதையே சொல்.

உன் தாய்