வெள்ளை டை

மகனே,

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை அடக்கம் என்று எழுதினேன். நீயோ இங்கே ஸ்டாக்ஹோமில் படகுச் சவாரி எங்கே, மீன் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். அவர் சட்டைகளை மடித்துக்கொண்டே படித்தேன்.

கேட்டதற்குச் சொல்கிறேன். விமான நிலையத்தில் டாக்ஸி ஏறாதே, கொள்ளையடிப்பான், பஸ்ஸில் வா. ரொக்கம் எங்கேயும் வாங்க மாட்டார்கள். படகு அரண்மனைக்கு எதிரே நிற்கும். மீனையும் அங்கேயே தின்றுகொள்.

படுக்கையில் கிடந்தவருக்கு மலம் அள்ளியது பக்கத்து வீட்டு போர்யேதான். "என் பையன் வந்துட்டானா?" என்று அவனிடம் கேட்பார். "வந்துக்கிட்டே இருக்கான் பெரியவரே, பொய் சொன்னா என் மீசையை எடுத்துக்குங்க! சூப்பைக் குடிங்க" என்பான்.

இந்த ஊர் வழக்கப்படி அடக்கத்தில் நெருங்கிய சொந்தம்தான் வெள்ளை டை கட்டும். அப்பாவுடையதைத் தேய்த்து போர்யேயிடம் கொடுத்துவிட்டேன். நீ மற்றவர்களைப் போலக் கறுப்பு டை கட்டிக்கொண்டு வா.

உன்னைப் பெற்றவள்