எதற்கு என்று கேட்டவள்

தருமபுரி
12.6.86

அன்புத் தங்கை ரஹமத் பீவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்து நீ திகைக்கலாம். கவுஸ் அண்ணன் துணையோடு நான் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறேன். ஜூலை முதல் வாரம் பம்பாயில் கப்பல். உன் மச்சான் இருந்தபோது இருவருமாகப் போக நினைத்த பயணம். அவர் காலமான பிறகும் அந்த ஆசையை நான் விடவில்லை.

புறப்படுகிறவர்கள் எல்லோரிடமும் மாப்புக் கேட்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். பள்ளியில் சக ஆசிரியைகள், அண்டை வீட்டார், பால்காரி காசியம்மாள் வரை கேட்டுவிட்டேன். நீதான் பாக்கி. தெரிந்தோ தெரியாமலோ நான் உனக்குக் குறை செய்திருந்தால் மாப்புச் செய்யவும். நானும் உனக்குச் செய்துவிட்டேன். பதிலாக ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
அஸ்கரி பேகம்


கம்பைநல்லூர்
19.6.86

அன்புள்ள அக்காவுக்கு, ரஹமத் எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன். காசியம்மாகிட்டயும் இதையேதான் சொன்னீங்களா, இல்ல எனக்குன்னு தனியா எழுதினதா? தெரிந்தோ தெரியாமலோன்னு போட்டிருக்கீங்க. எதுக்கு மாப்புன்னு எழுதலையே. கூடவே, நான் கேக்காமலே எனக்கும் மாப்புக் குடுத்திருக்கீங்க. கப்பல் ஏறறதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கற மாதிரி இருக்குதுங்க அக்கா. அந்த ஒரு வரியை எழுத எனக்கு மனசு வரலை.

பஸ் கண்டக்டர்கிட்ட நாரத்தங்காய் ஊறுகாய் குடுத்தனுப்பறேன். கப்பல்ல குமட்டுமாம். அல்லா நல்லபடியா கொண்டு சேக்கட்டும்.

ரஹமத்


தருமபுரி
1.7.86

அன்புத் தங்கைக்கு,

பயணம் நின்றுவிட்டது. அண்ணன் பாத்திரக்கடை ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். உடன் வர வேறு ஆண் துணை எனக்கு இல்லை, மகனும் இல்லை. தனியாகப் போக முடியாது.

ஊரெல்லாம் மாப்புக் கேட்டவள் இப்போது ஊரிலேயே இருக்கிறேன். கடைத்தெருவில் தலை காட்ட முடியவில்லை. “இன்னுங் கப்பலு வரலீங்களா டீச்சரம்மா?” என்று காசியம்மாள் பாலோடு தினமும் ஊற்றிவிட்டுப் போகிறாள்.

ஆகவே நீ அந்த ஒரு வரியை எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஊறுகாய் வந்தது. உப்பு அதிகம்.

அஸ்கரி பேகம்


தருமபுரி
9.7.86

அன்புத் தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். வந்ததும் அடுப்படிக்குப் போய், “ஏங்க்கா, இந்த வூட்ல கரண்டி கூட பரீட்சைக்கு வந்த புள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குது” என்றாய். பூண்டு உரித்தாய், குழம்பு வைத்தாய், சாப்பிட்டுக் கடைசி பஸ்ஸில் போய்விட்டாய். ஹஜ்ஜைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தைப் பற்றியும் இல்லை.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். ஆறு வருடம் வராதவள் இப்போது ஏன் வந்தாள்? உன் மகள் ஷகிலாவுக்குக் காலேஜ் சீட்டு வேண்டுமா? சிபாரிசு செய்வது என் வழக்கமில்லை. அல்லது, நான் ஏமாந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாயா? எதுவானாலும் நேராக எழுதிவிடு. எனக்கு ஊகித்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை.

அஸ்கரி பேகம்


கம்பைநல்லூர்
14.7.86

அன்புள்ள அக்காவுக்கு,

ஷகிலாவுக்கு சேலத்துலயே சீட்டு கிடைச்சு, போன வாரமே ஹாஸ்டல்ல சேத்தாச்சு. உங்க சிபாரிசு வேணாங்க. சந்தேகப்படறதுல நீங்க அப்படியே நம்ம அத்தா மாதிரி.

நேராவே எழுதறேன். மச்சான் மௌத்தான அன்னைக்குப் பொம்பளைங்க நடுவுல ஒருத்தி, “அஸ்கரி இன்னும் அழலையே”ன்னா. “அக்கா படிச்சவங்க, அழமாட்டாங்க”ன்னு நான் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய்யிங்க. கொஞ்சம் பொறாமையும் இருந்துச்சு. நீங்க உள்ரூம்ல வெள்ளைத் துணி மாத்திட்டு வெளிய வந்தப்போ உங்க முகத்தைப் பாத்தேன். கேட்டுட்டீங்கன்னு தெரிஞ்சுது. அப்புறம் எனக்கு உங்க வாசப்படி ஏற தைரியம் வரலை.

பயணம் நின்னதுக்கு நீங்க அழுதீங்கன்னு அண்ணன் ஆள்கிட்டச் சொல்லியனுப்பினாரு. கேட்டதும் பஸ் ஏறிட்டேன். வந்து பாத்தா நீங்க பேப்பர் திருத்திட்டு இருக்கீங்க. நெனச்சு வந்த பேச்சு வாயில வரலை, பூண்டு உரிச்சேன்.

அன்னைக்குச் சொன்ன அந்த வார்த்தைக்கு மாப்புச் செய்யுங்க அக்கா. நான் எங்கயும் பயணம் போகலை. இங்கதான் இருப்பேன்.

உங்க
ரஹமத்


தருமபுரி
21.7.86

என் ரஹமத்துக்கு,

அண்ணன் சொன்னது பொய். பயணம் நின்றதற்கு நான் அழவில்லை. உன் கடிதத்தைப் படித்தபின் நடந்ததை அவரிடம் சொல்லாதே.

உன் கடிதத்திலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று நான்கு நாள் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தி அவ்வளவு சுலபத்தில் போகாது. நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாப்புச் செய்தேன். முன்பு செய்ததாக எழுதினேனே, அப்போது செய்யவில்லை.

வீடு வீடாக நான் கேட்டபோது எல்லோரும் உடனே “செய்தோம்” என்றார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. நீ கேட்டாய், கோபம் வந்தது. இப்போது சொல்கிறேன். அந்த வார்த்தை வலித்தது என்று அன்றே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லாமல் ஆறு வருடம் வாய் மூடி இருந்ததற்கு. ஷகிலா வயசுக்கு வந்தபோது நீ சொல்லியனுப்பியும் வராமல் இருந்ததற்கு. இவை இரண்டும் தெரிந்தே செய்தவை.

அடுத்த வருடமாவது போகலாம் என்று அண்ணன் சொல்கிறார். பார்க்கலாம். பயணம் நிற்காமல் இருந்திருந்தால் உன் ஒரு வரி இல்லாமலேயே கப்பல் ஏறியிருப்பேன். அது எப்படிப்பட்ட பயணமாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பக்ரீதுக்கு ஷகிலாவையும் கூட்டிக்கொண்டு வா. முதல் நாளே வந்து தங்கு. கறி பங்கு போட்டுத் தெருவுக்குக் கொடுக்க இங்கே எனக்குக் கை போதாது.

உன் அக்கா
அஸ்கரி