ஞாயிற்றுக்கிழமை ஓடிய லாரி

நம் வீடு,
18.7.2001

பிரியமுள்ள ஃபீபி அப்பாவுக்கு,

தேவகிருபை எழுதுவது. நானும் ஃபீபியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். ஓசூரில் உங்கள் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க ஆண்டவர் கிருபை செய்யட்டும். பிரஷர் மாத்திரையை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஓசூர் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள். அண்ணி நல்லெண்ணெய் ஊற்றிச் சமைப்பார்கள், ஊறுகாயைத் தொடாதீர்கள்.

கன்னியப்பனைத் திங்கட்கிழமை அடக்கம் செய்துவிட்டார்கள். நீங்கள் போன் செய்தபோது அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். நகராட்சிக் கழிவுநீர் லாரியில் இத்தனை வருஷம் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த துப்புரவுத் தொழிலாளி அவன். அடக்கத்துக்கு நீங்கள் இல்லை என்பதை அங்கே வந்த எல்லோரும் பார்த்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கேஷுவாலிட்டியில் டியூட்டியில் இருந்தேன். நீங்களும் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் சர்தார் பாஷாவும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தீர்கள். அப்போதே உயிர் இல்லை. உடம்பெல்லாம் டேனரிக் கழிவு. அவன் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் கறுத்துப் போயிருந்தது. துடைத்துவிட்டது நான்தான். உங்களுக்குப் பின்னாலேயே சுகாதார ஆய்வாளர் தேவானந்தம் வந்தார். டாக்டரிடம், "பாவம் சார், குடிச்சிட்டு ரோட்டோரக் கால்வாயில விழுந்துட்டான், நம்ம டிரைவர்தான் பார்த்துத் தூக்கினு வந்தார்" என்று சொன்னார். நீங்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

கேஷுவாலிட்டி நர்ஸுக்குச் சாராய வாடை தெரியாதா? கால்வாய்ச் சேறு எது, டேனரித் தொட்டிக் கழிவு எது என்று இந்த ஊரில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? நல்ல வேளை, டாக்டர் அவர் பேச்சை நம்பி விட்டுவிடவில்லை. போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

நடந்ததைச் சர்தார் பாஷா எனக்குச் சொன்னார். தப்பிருந்தால் நீங்கள் திருத்துங்கள். மறுநாள் அதிகாரிகள் சோதனைக்கு வரப்போகிறார்கள் என்று அவர் வேலை செய்யும் டேனரியின் கழிவுத் தொட்டியை அவசரமாகக் காலி செய்யவேண்டியிருந்தது. தேவானந்தம் சர்ச் வாசலில் உங்களைக் கூப்பிட்டு, லாரியையும் கன்னியப்பனையும் அங்கே கொண்டுபோகச் சொன்னார். குழாய் அடைத்துக்கொண்டது. அவரே தொட்டி ஓரத்தில் நின்று கன்னியப்பனிடம், "இறங்கி எடுத்து விட்றா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். இறங்கியவன் ஏறவில்லை. சர்தார் பாஷா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவனையும் சேர்த்துக் கட்டினார், அவரும் மயங்கிவிட, நீங்கள்தான் இரண்டு பேரையும் இழுத்துப் போட்டீர்கள். வெளிக்காற்றுப் பட்டதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. அந்த மட்டில் நீங்கள் செய்தது நல்லது. அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. "ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

நகராட்சி ஆபீஸ் வாசலில் கன்னியப்பன் மனைவி முனியம்மா இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். குடித்துச் செத்தவன் குடும்பத்துக்கு நஷ்ட ஈடும் கிடையாது, வேலையும் கிடையாது என்று உள்ளே சொல்லிவிட்டார்களாம். அவள் வேலையைக் கேட்கவில்லை. வருகிற போகிற ஆபீசரையெல்லாம் நிறுத்தி, "எம் புருசன் குடிச்சிட்டுச் செத்தான்னு சொன்ன வாய் எது, எனக்குக் காட்டுங்க" என்று கேட்கிறாள். பியூன் அவளைக் கேட்டுக்கு வெளியே தள்ளுகிறான்.

நேற்று தேவானந்தத்தின் மனைவி பழக்கூடையும் பட்டுப் புடவையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். ஃபீபிக்கு நர்சிங் காலேஜில் சீட் வாங்கித் தருகிறோம், அப்பா கொஞ்ச நாள் ஓசூரிலேயே இருக்கட்டும் என்றார்கள். ஃபீபி பதில் சொல்வதற்குள் நானே சொன்னேன்: "என் பொண்ணு மார்க் எடுத்தா சேருவா. கன்னியப்பன் பேர்ல எங்களுக்கு சீட் வேணாம்." கூடையை அவர்கள் வந்த ஆட்டோவிலேயே வைத்துவிட்டேன்.

கடிதம் கண்டதும் புறப்பட்டு வாருங்கள். வீட்டுக்கு வரும் முன் முனியம்மாவைப் பாருங்கள்.

உங்கள்,
தேவகிருபை

நம் வீடு,
3.8.2001

ஃபீபி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாத்திரை வந்து சேர்ந்தது என்று அறிந்தேன். ஃபீபிக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது, பயப்படும்படியாக எதுவும் இல்லை.

"மேலே உள்ளவர்கள் சொன்னால் கீழே உள்ளவன் செய்துதானே ஆகவேண்டும், நாம் சின்ன ஆள், கொஞ்ச நாளில் ஆறிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு ஆறிவிடும்? அவர் சொன்னார், நீங்கள் ஓட்டினீர்கள் என்றால், அதையே வந்து சொல்லுங்களேன். நான் உங்களிடம் வேறு எதைக் கேட்கிறேன்?

எனக்கு வருகிற கோபத்தை யாரிடம் கொட்டுவது என்று தெரியவில்லை, உங்களுக்கே எழுதுகிறேன். அந்த டேனரி தேவானந்தத்தின் மச்சான் பெயரில் இருக்கிறது, பங்கு இவருடையது. இது ஊருக்கே தெரியும். எந்த டேனரிக் கழிவு எந்தக் கால்வாயில் போகிறது என்று பார்த்துத் தடுப்பதற்குத்தான் அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. அவர் தன் தொட்டியைத் தானே பார்வையிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டார். ஊர் ஜனங்கள் வரி கட்டி வாங்கிய லாரி அவருக்கு வீட்டு வண்டி. ஊர்த் தெருவைக் கூட்ட வந்த மனிதன் அவருக்கு வீட்டு ஆள். இத்தனையும் செய்துவிட்டுப் போன ஞாயிறு சர்ச்சில் முன் வரிசையில் எழுந்து நின்று வேதபாடம் வாசித்தார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள். செவ்வாய்க்கிழமை நான் டியூட்டி முடிந்து வந்தபோது நம் வீட்டுக் கதவில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தெருவே நின்று படித்துக்கொண்டிருந்தது. டிரைவர் எலியாஸ், யாருடைய அனுமதியும் இல்லாமல், சொந்த வருமானத்துக்காக விடுமுறை நாளில் நகராட்சி லாரியை எடுத்துச் சென்றார், தொழிலாளி ஒருவர் சாவுக்குக் காரணமானார், பிறகு தலைமறைவாகிவிட்டார், இது நகராட்சி ஊழியர் நடத்தை விதிகளுக்கு விரோதம் என்று போட்டிருக்கிறது. போஸ்ட்மார்ட்டத்தில் சாராயம் இல்லை, விஷவாயுதான் காரணம் என்று வந்துவிட்டது. குடிகாரன் கதை இனிச் செல்லாது. ஆகவே இப்போது உங்களைக் கைகாட்டுகிறார்கள். ஓசூருக்குப் போ என்று உங்களை அனுப்பியவரே நீங்கள் ஓடிப்போனதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு கமிஷனரைப் போய்ப் பார்த்தேன். "லாரியைத் தேவானந்தம் சார்தான் அனுப்பினார், அது உங்களுக்கும் தெரியும்" என்றேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எழுத்துல இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார். அவர் பெண் கல்யாணத்துக்கு மண்டபத்துக்குத் தண்ணீர் அடித்ததும் இதே நகராட்சி வண்டிகள்தான். அதற்கு எழுத்து இருந்ததா என்று நான் கேட்டேன். வெளியே போகச் சொல்லிவிட்டார்.

வரும் பதினாறாம் தேதி திருப்பத்தூரில் சப் கலெக்டர் விசாரணை. முனியம்மா ஓயாமல் மனு போட்டதால் வந்த விசாரணை இது. சர்தார் பாஷா சாட்சி சொல்கிறேன் என்றதும் அவரை டேனரியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நேற்று அவரும் அவர் மனைவி மஹ்பூபியும் வீட்டுக்கு வந்தார்கள். மனிதருக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. "நான் தொட்டியில நடந்ததைச் சொல்லிடுவேங்க அக்கா. ஆனா லாரியை இன்னா சொல்லி, யார் எத்துனு வரச் சொன்னாங்கன்னு எலியாஸ் அண்ணன் வாயாலதான் வரணும்" என்றார். அவர் இருமி முடிக்கும் வரை மஹ்பூபி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "வேலை போனது பேஜார்தான் அக்கா. பொய் சொல்லிட்டு வந்திருந்தார்னா அது ஜாஸ்தி பேஜார், ஒரே வீட்ல எப்படி இருக்கறது?" என்று கேட்டாள்.

நோட்டீஸுக்குப் பயந்து வராதீர்கள். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள வருவதானால் அதற்கு ஒரு வக்கீல் போதும். இந்த நோட்டீஸ் வராமலே இருந்திருந்தாலும் நீங்கள் வந்து சொல்லியிருக்க வேண்டியவர். அந்த எண்ணத்தோடு வருவதானால் வாருங்கள், நான் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பேன்.

தேவகிருபை

நம் வீடு,
10.3.2002

பிரியமுள்ள ஃபீபி அப்பாவுக்கு,

கடலோர ஊரின் உப்புத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? இடமாற்றம் என்று தெற்கே அவ்வளவு தூரம் தூக்கிப்போட்டுவிட்டார்கள். ரூமில் நீங்களே சமைத்துக்கொள்வதாக எழுதியிருந்தது கண்டு ஃபீபி சிரித்துவிட்டாள். அவள் பரீட்சை நன்றாக எழுதுகிறாள்.

திருப்பத்தூரில் நீங்கள் உள்ளே போனபோது நானும் முனியம்மாவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்திருந்தது. இதை நான் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. "சர்ச் வாசல்ல வச்சு தேவானந்தம் சார் சொன்னார், நான் ஏன் எதுக்குன்னு கேக்கல, ஓட்டினேன். அவர் பொய் சொன்னப்போ பக்கத்துல நின்னேன்" என்று நீங்கள் சொன்னது எங்களுக்குக் கேட்டது. முனியம்மா அதுவரை அழாதவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சப் கலெக்டர், இது உங்களுக்கே பாதகம் என்று தெரியுமா என்றார். தெரியும் என்றீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

உங்களுக்குச் சம்பள உயர்வை நிறுத்தியதையும் இடமாற்றத்தையும் நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். கேட்காமல் ஓட்டினீர்கள், அதற்கு உள்ள தண்டனை அது. என் வயிறு எரிவதெல்லாம் மற்றவர்களை நினைத்து. தேவானந்தம் சஸ்பெண்டு ஆனார் என்று சந்தோஷப்பட்டோமே, கோர்ட்டில் தடை வாங்கி ஆலங்காயம் பக்கம் எங்கோ மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டார். கேஸ் நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கும். டேனரிக்குச் சீல் வைத்தது மட்டும் இன்னும் இருக்கிறது. கமிஷனருக்குப் பதவி உயர்வு. போவதற்கு முன் ஊழியர்களையெல்லாம் மன்றக் கூடத்தில் நிற்க வைத்து, அன்பளிப்பு வாங்கமாட்டோம், பதவியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கச் செய்தாராம். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, துப்புரவுப் பெண்கள் பின்னால் சொன்னார்களாம். தவறு செய்ய வாய்ப்பே இல்லாதவர்கள் சத்தமாகச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சர்தார் பாஷாவுக்கு எந்த டேனரியிலும் வேலை கொடுக்கவில்லை. மஹ்பூபி ஷூ கம்பெனியில் தையலுக்குப் போகிறாள். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை போட்டிருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸுகள் எல்லோரும் அங்கேதான் டீ குடிக்கிறோம்.

முனியம்மாவுக்கு நஷ்ட ஈட்டில் பாதி வந்தது. கருணை அடிப்படையில் வேலையும் கொடுத்துவிட்டார்கள். என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? கன்னியப்பன் பார்த்த அதே துப்புரவு வேலை. புருஷனைத் தொட்டியில் இறக்கியவர்கள் பெண்டாட்டி கையில் துடைப்பத்தைக் கொடுத்து, அதற்குக் கருணை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத்தான் ஆத்திரம். அவள், "பிள்ளைங்க படிக்கணும் அக்கா" என்று சேர்ந்துவிட்டாள்.

போன வாரம் நடந்ததை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது புதிதாக வந்திருக்கும் ஆய்வாளர் அவளைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க, வந்து பெருக்கிக் கழுவி விட்டுட்டுப் போ" என்றாராம். சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். முனியம்மா குரலை உயர்த்தவே இல்லையாம். "அது முனிசிபாலிட்டி வேலையா சார்?" என்று கேட்டிருக்கிறாள். அவர் முகம் சிவந்துபோய், இல்லை என்றால் என்ன பண்ணுவாய் என்றாராம். "அப்போ வரமாட்டேன் சார். எங்க வீட்ல ஒருத்தர் கேக்காம போனாரு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். அவர் அடுத்தவளைப் பார்த்தார், அவளும் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை யாருமே அவர் வீட்டுக்குப் போகவில்லை. இதற்காக முனியம்மாவை என்ன செய்யப்போகிறார்களோ தெரியாது. அவள் பயப்படுகிறமாதிரித் தெரியவில்லை.

நீங்கள் இருக்கும் ஊரிலும் ஒரு நாள் யாராவது வந்து தோளில் கை போட்டு, வண்டியை எடு, சின்ன வேலை என்பார்கள். யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். கேட்டதற்காக வேலை போனால் நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். என் சம்பளம் இருக்கிறது, கஞ்சியோ கூழோ குடித்துக்கொள்ளலாம். கேட்காமல் ஓட்டிவிட்டு மட்டும் வராதீர்கள்.

ஆண்டவர் வண்டியில் உங்கள் பக்கத்து சீட்டில் இருப்பாராக. அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

என்றும் உங்கள்,
தேவகிருபை