பூங்குழையார் எடுத்த மூன்று மந்திரங்கள்

மலை நிலைபெறுக. மழை தவறாதிருக்க.

முகில்வரை நாட்டரசி கொன்றையாளின் சொற்படி, அவர்தம் ஓலைநாயகன் மருதன் வேளான் எழுதுவது: ஆற்றுக்கு அக்கரை முழுதும் ஆள்பவரும் பல கோட்டைகளின் தலைவருமாகிய பெருவயல் நாட்டுப் பேரரசர் உதயவன்மர் காண்க. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் யானைகள் நோயின்றி வாழ்க. தங்கள் அவையில் உண்மை சொல்வோர் குறையாதிருக்க.

எங்கள் அவையில் மந்திரம் ஓதும் பூங்குழையார் மனிதப் பெண் அல்லர், மனித உருவில் மறைந்து வாழும் தீநாகம் என்றும், சிறகும் தழல்மூச்சும் உடைய அவரை விலங்கிட்டு அனுப்பாவிடில் தங்கள் படை ஆற்றைக் கடக்கும் என்றும் தாங்கள் விடுத்த ஓலை வந்தது. அதன் முற்பகுதி உண்மை. பிற்பகுதிக்கு எங்கள் விடை, இயலாது என்பதே.

தாங்கள் இதை அறிந்த வழியையும் நாங்கள் அறிவோம். எங்கள் நாட்டில் மந்திரம் ஓதுவோர் எவராயினும் வேனில் தொடக்கத்தில் அவை நடுவே நின்று மூன்று மந்திரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டு முழுதும் அவற்றையே ஓதலாம். ஒன்றை மாற்ற விரும்பினால் அதே அவையில் பழையதை விட்டுப் புதியதை ஏற்க வேண்டும். ஓலைக்கூரை வேய்ந்த ஊர் ஆதலால் எவரும் முதலில் எடுப்பது தீக்காப்பு. பூங்குழையார் எடுத்தவை பனியழைப்பு, புண்ணாற்றல், கொண்ட உருவம் குலையாதிருக்கும் உருக்காப்பு. கடைசியானதை முதுமையைத் தள்ளிவைக்கும் ஆசை என்று நாங்கள் எண்ணினோம்.

கொல்லுலைத் தலைவி வள்ளை அன்று அவையிலேயே, “ஏம்மா, தீக்காப்ப விட்டுட்டீங்களே, அடுப்புப் பக்கமே போறதில்லையா?” என்று கேட்டாள். “சமைக்கத் தெரியாதவளுக்கு அது எதுக்குடி?” என்றார் அவர். அவை சிரித்தது. தங்கள் தூதர் அருவந்தையார் மட்டும் சிரிக்கவில்லை. தீயில் பிறந்தவருக்குத் தீயிலிருந்து காப்பு வேண்டும் என்பதே நினைவில் எழவில்லை என்று அவர் சரியாகவே கணித்தார்.

பின்னர் வைக்கோற்கொட்டகை எரிந்தது. பூங்குழையார் உள்ளே புகுந்து மாடுகளை அவிழ்த்துவிட்டு, மயங்கிக் கிடந்த மேய்ப்பனைத் தோளில் சுமந்து வந்தார். சேலை கருகியிருந்தது, தோலில் ஒரு கொப்புளமும் இல்லை. தீ வைத்தவர் அருவந்தையாரே. பேரரசின் நலம் கருதிய சோதனை என்றும், உள்ளே ஆள் இருந்தது தெரியாதென்றும் எங்கள் அரசியிடம் அவர் ஒப்புக்கொண்டார்.

தெற்குக் கோட்டைகளை எரிக்கத் தங்களுக்குத் தீநாகம் வேண்டும் என்பது மறைவான செய்தியன்று. தங்கள் ஓலை அவையில் படிக்கப்பட்டதும் பூங்குழையார் எழுந்து, தம்மால் ஊருக்கு அழிவு வேண்டாம் என்றும், விலங்கைத் தாமே பூட்டிக்கொள்வதாகவும் சொன்னார். அதற்கு வள்ளை சொன்னதை மாற்றாமல் எழுதுமாறு அரசியின் கட்டளை: “நீங்க போயிட்டா நாங்க பொழச்சிக்குவோமா? தெக்க எரிச்சு முடிச்சதும் அவரு உங்க மேலயே ஏறி இங்கதான் வந்து நிப்பாரு. உக்காருங்கம்மா.”

அவையில் மறுத்துப் பேசியவர் எவருமிலர்.

ஊரையே எரிக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு, பயிருக்குப் பனியும் புண்ணுக்கு மருந்தும் போதும் என்று எங்களுடன் வாழ்ந்தவரை தங்கள் கொள்ளிக்கட்டையாக நாங்கள் தரமாட்டோம்.

அதன்பின் பூங்குழையார் அவை நடுவே உருக்காப்பைக் கைவிட்டார். தச்சர்கள் முன்கூட்டியே மண்டபக் கூரையைப் பிரித்திருந்தது நல்லதாயிற்று. விட்டதன் இடத்தில் அவர் ஏற்றது தீக்காப்பு. உங்களுக்கு அது எதற்கு என்று அரசியே வினவினார். “எனக்கில்லம்மா. இனி நான் ஒரு கொட்டாவி விட்டாலும் பக்கத்துல நிக்கிறவங்க வேகக்கூடாதில்ல” என்றார், மண்டபத்தின் உயரத்துக்கு மேலிருந்து.

ஆகவே பேரரசே, ஒளிந்திருந்தவரைப் பிடித்துத் தரக் கேட்டீர். ஒளியாதவரை எங்கள் தூதராக அனுப்புகிறோம். விலங்கு அடித்து வைத்திருப்பின், முதலில் அவர் கழுத்தை அளந்து பார்க்க. தங்கள் அருவந்தையார் அவர் முதுகிலேயே திரும்புகிறார். தீக்காப்பு அவர்மீதும் ஓதப்பட்டுள்ளது. முகம் வெளிறியிருப்பின் அது உயரத்தால் வந்தது. தங்கள் படை ஆற்றைக் கடக்குமாயின் எதிரே தீ இராது. வீரனுக்குத் தன் கையிலுள்ள வேலும் தெரியாதபடி பூங்குழையார் அழைக்கும் பனி இருக்கும். அதற்குள் எங்கள் வில்லாளர் இருப்பர்.

இவ்வோலை அவர் பற்களுக்கிடையே வருகிறது. கருகாமல் தங்கள் கையை அடைந்திருப்பின், அம்மந்திரம் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதைத் தாங்களும் அறிவீர். விடையை அவரிடமே தருக. அதுவரை முற்றத்தில் நிற்பார்; தூதருக்குரிய மரியாதையுடன் பருக நீர் தருக. நிறையவே வேண்டும்.

இது அரசி கொன்றையாளின் ஆணை. பனி மூடிய மலை பொறித்த முத்திரை, பிரித்த கூரையின் கீழ், அவையோர் அனைவரும் காண இடப்பட்டது.