தவக்காலத்துப் பாய்

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் போன பிறகு முதல்முறையாகப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தவக்காலத்தில் அவர்மேல் ஆசை வந்ததைச் சொல்லி அழுதேன். ஃபாதர் திகைத்துப் போனார்.

"கட்டின புருஷன்மேல ஆசைப்படுறது பாவம்னு யாரும்மா சொன்னது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்தன்று நீதானே அக்கா சொன்னாய்? வருஷா வருஷம் அந்த நாற்பது நாளும் சமையலறையில் பாய் போட்டுப் படுத்தேன். இந்த வருஷமும்தான்.

"சாமியாரம்மா, இங்க வந்து படேன்" என்று ஒரு ராத்திரி கூப்பிட்டார்.

"ஈஸ்டர் வரட்டும், பேசாம தூங்குங்க" என்றேன்.

மறுநாள் மர அறுவை மில்லுக்குப் போனவரைப் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள்.

உன்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை. உனக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். அத்தான் இன்னும் தனியாகத்தான் படுக்கிறாரா? இதைப் படித்து முடித்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்.

உன் தங்கச்சி