வளைவில் நிற்கும் பஸ்

செவ்வாய், இரவு

நான் படிக்கும் பொதுப் போக்குவரத்து முகாமைத்துவப் பாடத்தின் ஆய்வுக்காக இன்று இவர் ஓட்டும் பஸ்ஸிலேயே முல்லைத்தீவுக்குப் போனேன். சாரதியின் மனைவி என்று யாருக்கும் சொல்லவில்லை.

தரிப்பிடமே இல்லாத ஒரு வளைவில் இவர் பஸ்ஸை மண்மேட்டோடு அணைத்து நிறுத்தினார். செயற்கைக் கால் போட்ட ஒரு அக்கா ஏறி என் பக்கத்தில் இருந்தார்.

"மேட்டிலை நிண்டால்தான் எனக்குப் படி எட்டும், தங்கச்சி. இந்த றைவர் வாற நாளிலைதான் கிளினிக்குக்குப் போறனான்," என்றார்.

நிமிர்ந்து இவருடைய முதுகைப் பார்த்தேன். வீட்டில் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை.

தரிப்பிடம் இல்லாத இடத்தில் நிறுத்தக்கூடாது. ஆய்வின் பிரதி டிப்போவுக்கும் போகும். எழுதினால் இவரிடம் விளக்கம் கேட்பார்கள். எழுதாவிட்டால் அந்த அக்கா…

சாப்பிடும்போது கேட்டேன். "இஞ்சேருங்கோ, அதை எழுதட்டோ?"

சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"எழுதும். நான் லீவிலை நிக்கிற நாளிலை அவா என்ன செய்யிறது? அதிலை ஒரு தரிப்பிடம் வைக்கட்டும்."

பிறகு மெதுவாக, "என்னைப்பற்றி வேறை என்ன சொன்னவா?" என்றார்.

அக்கா வழிநெடுக இவரைப் புகழ்ந்ததையெல்லாம் சொன்னேன். வெட்கப்பட்டு, பாதிச் சாப்பாட்டில் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போய்விட்டார்.

எழுதத்தான் போகிறேன். முருகா, இவருக்கு ஒன்றும் வரக்கூடாது.